தமிழ் ஆவணங்களை வடிவம் மாற்ற: பாண்டாக்கா, சிறப்புக் கருவியா?

உரைக்குறி வடிவங்களை (சாதாரண உரையில் குறிகளை இட்டே தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைக் காட்டும் முறைகளை) மாற்றித் தரும் கருவியைத் தமிழில் சோதிக்க ஒரு சொல் போதும். 'நூல்' தடித்த எழுத்தில், அதோடு ஒட்டி 'களை' சாதாரண எழுத்தில். நமக்குப் பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன. கருவிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒட்டில்தான்.

அத்தகைய வடிவங்களில் ஒன்றான மார்க்டவுனில் `**நூல்**களை` என்று எழுதினால் சரியாக வரும். ஆர்எஸ்டி (reStructuredText) என்ற வடிவத்தில் வராது. மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே `**நூல்**\ களை` என்று பின்சாய்கோடும் இடைவெளியும் இட வேண்டும். வெளியீட்டில் இரண்டும் மறைந்துவிடும். மூன்றாவது வடிவமான ஆஸ்கிடாக்கில் ஒற்றை நட்சத்திரம் முழுச் சொல்லுக்கு, சொல்லின் ஒரு பகுதிக்கு இரட்டை நட்சத்திரம். ஒரே காரியத்துக்கு மூன்று விதிகள் இருப்பதால், குறிகளை மட்டும் தேடி மாற்றும் சிறு நிரல்களை நான் நம்புவதே இல்லை.

இந்தச் சோதனையில் பாண்டாக் தேறிவிடுகிறது. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட கருவி இது. குறிக்குக் குறி மாற்றாமல், ஆவணத்தை முழுதாக வாசித்துத் தலைப்பு, பத்தி, பட்டியல் என்று உள்ளே ஒரு மரமாக்கிக்கொள்கிறது. பிறகு அந்த மரத்திலிருந்து புதிய வடிவத்தை எழுதுகிறது. ஆர்எஸ்டியின் பின்சாய்கோடு மார்க்டவுனுக்குப் போகும்போது தானே உதிர்கிறது, திரும்பி வரும்போது தானே முளைக்கிறது. லினக்ஸ் கருவின் (kernel) ஆவணங்கள் 2016-இல் டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்திலிருந்து ஆர்எஸ்டிக்கு நகரத் தொடங்கியபோது எழுதப்பட்ட உதவி நிரலும் பாண்டாக்கைத்தான் அழைத்தது.

சிக்கல், அந்த மரத்தில் இல்லாத கிளைகளில் இருக்கிறது. ஆர்எஸ்டி கோப்புகளிலிருந்து கையேடுகளை உருவாக்கும் ஸ்பிங்க்ஸில் எழுதிய ஒரு தமிழ்ப் பயனர் கையேட்டை மார்க்டவுனுக்கு மாற்றினேன். பத்திகள் எல்லாம் அழகாக வந்தன. ஆனால் உள்ளடக்கப் பக்கத்தில், வரிக்கு ஒன்றாக இருந்த அத்தியாயக் கோப்புப் பெயர்கள் ஒரே பத்தியாகச் சேர்ந்து கிடந்தன. 'மூன்றாம் அத்தியாயம் பார்க்க' போன்ற குறுக்கு இணைப்புகள் இணைப்பாக இல்லாமல் வெறும் நிரல் எழுத்தாக நின்றன. பாண்டாக்கைக் குறை சொல்ல முடியாது. அவை ஸ்பிங்க்ஸ் சேர்த்த வசதிகள். பாண்டாக்குக்கு அவற்றின் பொருள் தெரியாது.

அந்த வேலைக்கு ஆர்எஸ்டியிலிருந்து மிஸ்டுக்கு மாற்றும் தனிக் கருவியே சரி. மிஸ்ட் என்பது ஸ்பிங்க்ஸின் கட்டளைகளையும் குறுக்கு இணைப்புகளையும் ஏற்கும் மார்க்டவுன். கருவி ஆவணத்தை ஆர்எஸ்டியின் மூல வாசிப்பானான டாக்யூட்டில்ஸ் வழியாகவே வாசிப்பதால், உள்ளடக்கக் கட்டளை கட்டளையாகவே இடம் மாறுகிறது. அதற்கு ஒரு விலை உண்டு: கிடைக்கும் கோப்பை ஸ்பிங்க்ஸ் சூழலுக்கு வெளியே, சாதாரண மார்க்டவுன் காட்டும் தளத்தில் வைத்தால் அந்தக் கட்டளைகள் அப்படியே வெளியே தெரியும். ஸ்பிங்க்ஸிலேயே தங்குபவர் மிஸ்டுக்குப் போகலாம்; அதைவிட்டு வெளியேறுபவர் பாண்டாக்கில் மாற்றி, இணைப்புகளைக் கையால் திருத்த வேண்டியதுதான்.

ஆஸ்கிடாக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாண்டாக் நீண்ட காலம் அதை எழுதியதே தவிர வாசித்ததில்லை. ஆகவே ஆஸ்கிடாக்கை மாற்றித் தரும் ஆஸ்கிடாக்டர் கருவியால் டாக்புக் ஆக்கி, அதைப் பாண்டாக்குக்குக் கொடுப்பது வழக்கமான வழி. 2002-இல் ஸ்டூவர்ட் ரக்காம் ஆஸ்கிடாக்கை உருவாக்கியதே டாக்புக்கை எளிதாக எழுதத்தான் என்பதால், இந்த வழியில் எச்சரிக்கைக் கட்டம், படத் தலைப்பு போன்றவை பெரிதும் தப்பிக்கின்றன. ஆனால் பத்துக் கோப்புகளைச் சேர்த்து அமைத்த நூல் ஒரே கோப்பாகிவிடும். பதிப்பு எண்ணுக்காக வைத்த மாறியின் இடத்தில் அதன் மதிப்பே பதிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஆவணத்துக்கு இது பெரிய இழப்பு. மார்க்டவுனிலிருந்து ஆஸ்கிடாக்குக்குப் போவதானால், ஆஸ்கிடாக்டர் குழுவினரின் கிராம்டாக் கருவியை முதலில் முயலுங்கள்.

எந்தக் கருவியானாலும் தமிழுக்குக் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆர்எஸ்டியில் தலைப்பின் அடிக்கோடு தலைப்பின் அளவுக்காவது நீண்டிருக்க வேண்டும். 'முன்னுரை' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. டாக்யூட்டில்ஸ் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணி, புள்ளியை மட்டும் விட்டு, ஏழு என்கிறது. நான்கு சமக்குறி (=) இட்டால் அடிக்கோடு போதவில்லை என்ற எச்சரிக்கை வரும். நாம் பின்னால் கையால் திருத்திய தலைப்பில் இது எளிதில் நேரும். கோட்டைத் தாராளமாக நீட்டிவிடுங்கள். கட்டம் போட்ட அட்டவணைகளிலும் இதே எண்ணிக்கைத் தொல்லை இருப்பதால், ஆர்எஸ்டியில் தமிழ் அட்டவணையைப் பட்டியல் வடிவில் எழுதுவதே நல்லது.

இன்னொன்று மேற்கோள்குறி. `**"நூல்"**களை` என்பதை மார்க்டவுனின் பொது வரையறையான காமன்மார்க்கின் விதி தடித்த எழுத்தாக ஏற்காது. மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருப்பதே காரணம். பக்கத்தில் நட்சத்திரங்கள் அப்படியே தெரியும். மேற்கோள்குறிகளை நட்சத்திரங்களுக்கு வெளியே நகர்த்தினால் சரியாகிவிடும். மாற்றி முடித்ததும், வெளியான பக்கத்தில் இரட்டை நட்சத்திரத்தைத் தேடிப் பார்க்காமல் பழைய கோப்பை நான் அழிப்பதில்லை.