அம்பாசிடரின் டெல்கோவைக் கழற்றிய பின் மூன்றரை ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், 1950களில் ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி கார்களில் பிரிட்டனில் ஓடிய பிஎம்சி பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மி.மீ. என்பதால் வேகமாகச் சுழல்வதைவிட நிதானமாக இழுப்பதே அதற்குப் பிடிக்கும். 2022 பிப்ரவரியில் இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரை, நம் மெக்கானிக்குகள் வாயில் டெல்கோவை, கழற்றிவிட்டு, கைப்பேசி வழியாக டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) நிரலிடக்கூடிய மின்னணு டிஸ்டிரிபியூட்டர் ஒன்றைப் பொருத்தினேன். அதன் பிறகு வண்டி 24,000 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடியிருக்கிறது. பொருத்திய வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாகியிருக்கும் என்பதால்தான் இவ்வளவு காலம் பொறுத்தேன்.

மாற்றத்துக்கான காரணம் ஆசை அல்ல, தேய்மானம். டெல்கோவுக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சி.பி. பாயின்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தால் இரண்டாயிரம் கி.மீ. ஒழுங்காக ஓடும், பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கும், மூன்றாவது கியரில் மிஸ்ஸிங் (பொறி தவறுதல்) தொடங்கும். ஒருநாள், பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தபோது, முன்பக்கப் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் ஐந்து டிகிரி அளவுக்கு முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக இந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் ரோட்டாரைக் கழற்றி, ஷாஃப்ட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். “ஷாஃப்டே ஆடுதுங்க, பாயின்ட்டை மாத்தி மாத்தி என்னங்க பண்றது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அது ஆடினால், பாயின்ட் திறக்கும் நேரம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக அமையும். எவ்வளவு நுணுக்கமாகச் செட் செய்தாலும் அது சராசரிக்குச் செட் செய்வதுதான். எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப டைமிங்கைத் திருத்தும் வேக்குவம் டயாஃப்ரமும் எப்போதோ கிழிந்திருந்தது. வேகத்துக்கேற்ப டைமிங்கைத் திருத்தும் சுழல் எடைகளின் ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்துபோனதால், 2,500 ஆர்பிஎம்மில் வரவேண்டிய அட்வான்ஸ் (பொறியின் முந்தல்) 1,600லேயே முழுமையாக வந்துகொண்டிருந்தது. மேட்டில் எஞ்சின் தட்டியதற்கு, அதாவது நாக்கிங்குக்கு, பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு உண்மைக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

நிரலிடக்கூடிய இக்னிஷனுக்குப் பெரும்பாலோர் செல்லும் வழிகள் இரண்டு. முதல் வழியில் டிஸ்டிரிபியூட்டரையே விலக்கிவிட்டு, கிராங்க் புல்லியில் 36 பற்களில் ஒன்று குறைந்த சக்கரத்தைப் பொருத்தி, அதை ஒரு சென்ஸர் படிக்கும்படி செய்வார்கள். பழைய ஃபோர்டு கார்களின் ஈடிஐஎஸ் மாட்யூலும் மெகாஜோல்ட் என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து இதைச் செய்யும். துல்லியத்தில் இதுவே மேல், ஏனெனில் டைமிங் செயினின் தளர்ச்சியும் கேம்ஷாஃப்ட் கியரில் உள்ள ஆட்டமும் கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்த மாட்யூல்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய வண்டிகளிலிருந்து கழற்றப்படுபவை. கோவையில் நின்றுகொண்டு அவற்றைத் தேடுவது வீண் வேலை. நான் தேர்ந்தது இரண்டாவது வழி: நெதர்லாந்தில் தயாராகும் 123 டியூன் பிளஸ். வெளித்தோற்றத்தில் அது சாதாரண டிஸ்டிரிபியூட்டர். கேப் உண்டு, ரோட்டார் உண்டு, உள்ளே பாயின்ட்டும் எடைகளும் மட்டும் இல்லை. ஆட்டுத் தோல் போர்த்திய ஓநாய் மாதிரி, பானட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பாகத்தின் விலையோடு கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தபோது, அந்தப் பணத்தில் பழைய டெல்கோவைப் பல முறை புதுப்பித்திருக்கலாம் என்று என் மனைவி சரியாகவே கணக்குப் போட்டார்.

பொருத்துவது ஒரு காலை வேலைதான். பி-சீரிஸ் டிஸ்டிரிபியூட்டரின் அடியில் உள்ள இணைப்பு நாக்கு நடுமையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால் அது ஒரே விதமாகத்தான் உட்காரும். 180 டிகிரி மாறிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. வயரிங்கில் எனக்கு உதவியது, என் வண்டி ஏற்கெனவே 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்ததாக) இருந்தது. பாசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்துக் கவனிக்க வேண்டியது, பொறிக்கான உயர் வோல்ட்டை உருவாக்கும் காயில். “எலக்ட்ரானிக்குக்கு இதுதான் சார் பவர்” என்று கடையில் ஒரு காயிலைக் கொடுத்தார்கள். வண்டியில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்தேன், பிரைமரியில், அதாவது பேட்டரி மின்சாரம் ஓடும் சுருளில், 0.7 ஓம் காட்டியது. இந்த வகை டிஸ்டிரிபியூட்டருக்குக் காயிலின் பிரைமரி ஒரு ஓமுக்குக் குறையக் கூடாது; குறைந்தால் உள்ளே ஓடும் மின்னோட்டம் கூடி, விலை உயர்ந்த பாகம் சூட்டில் போய்விடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று ஓம் காட்டிய பழைய காயிலையே வைத்துக்கொண்டேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

முதல் பத்து நாள் நான் பட்ட அவஸ்தை முழுக்க என் சொந்தத் தவறு. பிளக் வயர்கள் பழைய செம்புக் கம்பி வகையாகவே இருந்தன. நல்ல வயரை ஏன் மாற்றுவது என்று விட்டுவைத்திருந்தேன். 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் மிஸ்ஸிங், அதே நொடியில் கைப்பேசியில் புளூடூத் தொடர்பும் அறுந்துபோகும். இரண்டும் ஒன்றாக நிகழ்ந்ததால்தான் காரணம் பிடிபட்டது: செம்பு வயரில் தீப்பொறி பாயும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல், பக்கத்திலேயே இருக்கும் மின்னணுச் சுற்றைக் குழப்பிக்கொண்டிருந்தது. கார்பன் வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போட்ட அன்றே இரண்டு கோளாறும் நின்றன. மின்னணு இக்னிஷன் வாங்குபவர்கள் வயரையும் பிளக்கையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

டைமிங் வளைவை அமைப்பதில்தான் இந்தப் பாகத்தின் முழு மதிப்பும், முழு ஆபத்தும் இருக்கின்றன. கைப்பேசியில் இரண்டு வளைவுகளை வரைகிறோம். ஆர்பிஎம் கூடக்கூட எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்பது ஒன்று. மேனிஃபோல்டில் அழுத்தம் குறையக்குறைய அதன் மேல் இன்னும் எத்தனை டிகிரி சேர வேண்டும் என்பது மற்றொன்று. ஐட்லிங்கில் 10 டிகிரி, 3,000 ஆர்பிஎம்மில் 30 டிகிரி, சீரான ஓட்டத்தில் வேக்குவத்துக்காக மேலும் 11 டிகிரி என்று தொடங்கினேன். அவிநாசி சாலையில் எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. அடுத்த ஞாயிறு மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைச்சாலையில் ஏறியபோது, பர்லியாருக்கு முன்பாகவே, நான்கு பேரும் சுமையுமாக மூன்றாவது கியரில், தகரப் பெட்டியில் கோலி உருட்டுவது போன்ற அந்த நாக்கிங் சத்தம் கேட்டது.

தவறு இரண்டாவது வளைவில் இருந்தது. பழைய டயாஃப்ரம், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து இயங்குவது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், சமவெளியானாலும் மலையானாலும், அதன் பங்கு பூஜ்ஜியம். புதிய பாகத்தின் சென்ஸரோ, வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தையே வெற்றிடத்திலிருந்து கணக்கிட்டு அளக்கிறது. கோவையில் முழு மிதியில் அது சுமார் 96 கிலோபாஸ்கல் காட்டும்; உயரம் ஏற ஏற, கால் அசையாமலேயே அந்த எண் இறங்கிக்கொண்டு வரும். நான் 95இலிருந்தே அட்வான்ஸ் ஏறும்படி வரைந்திருந்ததால், எஞ்சின் திணறிக்கொண்டிருந்த இடத்தில் தேவையில்லாத டிகிரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. சாலையோரம் நிறுத்தி, வளைவை 85 கிலோபாஸ்கலிலிருந்து தொடங்கும்படி நகர்த்தி, 1,500 முதல் 2,200 ஆர்பிஎம் வரை மூன்று டிகிரி குறைத்தேன். டீக்கடையில் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சத்தம் திரும்ப வரவில்லை. ஊட்டியில் இதே குணம் நன்மையாகிறது: 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் சேரும் கலவை குறைவு, அது எரிந்து முடிய அதிக நேரம் எடுக்கும், ஆகவே முழு மிதியிலும் இரண்டு டிகிரி கூடுதலாகக் கிடைப்பது அங்கே சரியானதே. பழைய டெல்கோவால் செய்யவே முடியாத காரியம் இது.

எஞ்சினின் சக்தி கூடியதா என்று கேட்பவர்களுக்கு, நெடுஞ்சாலையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்பதே என் பதில். கூடியது ஒழுங்கு. டைமிங் லைட்டில் இப்போது குறி ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. செயினின் தளர்ச்சியால் வரும் சிறு நடுக்கம் மட்டும் மிச்சம். குளிர் காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. என் டைரியில் உள்ள கணக்குப்படி மைலேஜ் லிட்டருக்கு 9.4 கி.மீ.யிலிருந்து 10.5க்கு ஏறியது. அந்த லாபத்தில் பாதிக்கு மேல், கிழிந்த டயாஃப்ரத்தை மட்டும் மாற்றியிருந்தாலே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2025இல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமானபோது மைலேஜ் மீண்டும் பத்துக்குக் கீழே வந்தது. பிளக் முனைகள் வெளுத்துப்போயிருந்தன. இங்கே பலர் நேராக டைமிங்கில் கை வைப்பார்கள். ஆனால் வெளுத்த பிளக் சொல்வது கலவையில் எரிபொருள் போதவில்லை என்பதை. ஆகவே முதலில் சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். பிறகுதான் கைப்பேசியைத் திறந்தேன். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் அதிகம் என்பதால், மலைக்காகக் குறைத்திருந்த மூன்று டிகிரியில் இரண்டைத் திரும்பக் கொடுக்க முடிந்தது.

சின்ன வசதிகள் சில. அம்பாசிடரில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. கைப்பேசித் திரை அந்தக் குறையைப் போக்குகிறது. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தால் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இந்த டிஸ்டிரிபியூட்டர் தானே நிறுத்திவிடும். பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைத் திருப்பி வைக்கும் மகன் இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயம் அல்ல. வளைவு டிஸ்டிரிபியூட்டருக்குள்ளேயே பதிந்திருப்பதால் வண்டி ஓட்டக் கைப்பேசி தேவையில்லை.

கேப், ரோட்டார், நடுவிலுள்ள கார்பன் பிரஷ் ஆகியவை பழையபடி தேயத்தான் செய்கின்றன, 18,000 கி.மீ.யில் கேப்பையும் ரோட்டாரையும் மாற்றினேன். வழியில் மின்னணுப் பகுதி நின்றுபோனால் சாலையோர மெக்கானிக்கால் எதுவும் செய்ய இயலாது என்பதால், பழைய டெல்கோவுக்குப் புதிய புஷ் போட்டு, பாயின்ட்டும் கண்டென்சரும் மாட்டி, துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் ஒருமுறை மாற்றிப் பழகியதில் நாற்பது நிமிடம் ஆனது. சாலையில் இதுவரை அதை எடுக்க நேரவில்லை.