சொக்சோவா, மெடிக்கல் கார்டா?
பேராக், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டும் என் மச்சான், "சம்பளத்துல சொக்சோ பிடிக்கிறாங்களே, கார்டு எதுக்கு?" என்பார். சொக்சோ என்பது மலேசியாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்; கார்டு என்பது தனியார் மருத்துவக் காப்புறுதி அட்டை.

சொக்சோ வேலையில் அடிபட்டால் பார்க்கும். வேலைக்குப் போய்வரும் வழியில் மோட்டார் சறுக்கினாலும்தான். குறைந்தது 4 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) இருந்தால், அது கணக்கிடும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வழியை விட்டு மீன் வாங்கத் திரும்பி விழுந்தால் அதை வேலை விபத்தாக ஏற்பதில் சிக்கல்.

கார்டு எங்கே விழுந்தாய் என்று கேட்காது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், சம்பளம் தராது. வில்லங்கம் பொடி எழுத்தில்: பொதுவாக நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், இனிப்புநீர் (நீரிழிவு) போன்றவற்றுக்கு 120 நாள் காத்திருப்பு; அதுவரை பில் கட்டாது. விபத்துக்குக் காத்திருப்பு இல்லை.

மச்சானுக்கு ஏற்கெனவே இனிப்புநீர். பாரத்தில் "நோய் இல்லை" என்று முகவரே டிக் போட்டு நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க என்றேன்.