பொட்டியா, கால் நீட்டி இருத்துவதா, நேரே கக்கூசா?

பிள்ளையைக் கக்கா, மூத்திரம் சொல்லிப் போகப் பழக்க எங்கள் வீட்டில் நான்கு வழி பார்த்தோம். முதலாவது அம்மாவின் வழி. எங்கள் அம்மா இரண்டு காலையும் நீட்டி, பாதங்களுக்கு நடுவே பிள்ளையை இருத்தி "உஸ்ஸ்ஸ்" என்பார். மகனுக்கு ஏழு மாதத்திலேயே தொடங்கிவிட்டார். காலைப் பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில் கக்கா வந்துவிடும். வயிறு நிரம்பியதும் குடல் அசையும் என்பது அம்மாவுக்கு அனுபவத்தில் தெரியும். பேம்பர்ஸ் செலவு பாதியானது. ஆனால் நேரம் பார்த்தது அம்மம்மா, பிள்ளையல்ல. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அவர் மட்டக்களப்புக்குப் போன ஒரே கிழமையில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அடுத்தது மூன்று நாள் முறை. காற்சட்டை இல்லாமல் விட்டு, நிறையக் குடிக்கக் கொடுத்து, அடிக்கடி இருத்துவது. நான் தொடங்கியது மார்கழியில். திருகோணமலை மாரியில் அதைச் செய்யவே கூடாது. காற்சட்டை இல்லாவிட்டாலும் தரை துடைத்த துணியும் நனைந்த விரிப்பும் விறாந்தைக் கொடியில் நாள் கணக்கில் ஈரமாகத் தொங்கின. எனக்குக் கோபம் வந்தது, பிள்ளை அழுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த முறை பொருந்தலாம், ஆனால் வைகாசி, ஆனி வெயிலில் செய்யுங்கள்.

மூன்றாவது, நேரே கக்கூசு. குந்தியிருப்பது மலம் இலகுவாக வெளியேற நல்ல நிலைதான். ஆனால் பெரியவர்கள் அளவுக் குழி இரண்டு வயதுப் பிள்ளைக்கு அகலம். இவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழியையே பார்த்தான். அப்புறம் நான்கு நாள் கக்கா போகவில்லை. அடக்க அடக்க மலம் இறுகும், இறுகினால் நோகும், நோவுக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். பப்பாசிப் பழமும் தண்ணீரும் கொடுத்து, கக்கூசுப் பேச்சையே விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. கொமட் உள்ள வீடென்றால் சின்ன இருக்கையோடு காலுக்கு ஒரு முக்காலியும் வையுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது.

கடைசியில் எங்களுக்குச் சரிவந்தது பிளாஸ்டிக் பொட்டி, பிள்ளை இருந்து கக்கா போகும் சின்ன இருக்கை. அப்போது அவனுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். இரண்டு மணித்தியாலம் நனையாமல் இருந்தான், கக்கா வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தான், காற்சட்டையைத் தானே இறக்கினான். பிந்திவிட்டதோ என்று பயந்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், பிள்ளை ஆயத்தமாகும்வரை காத்திருக்கச் சொல்லி 1962இல் எழுதிய ஆய்வில் 1,170 பிள்ளைகள் இருந்தார்கள். பகலில் நனையாமல் பழகிய சராசரி வயது 28.5 மாதம். அது எங்கள் கணக்கேதான்!

பொட்டியைக் குளியலறையில் வைக்காமல் குசினிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டதும் இருத்தினேன், அம்மாவின் "உஸ்ஸ்ஸ்" மட்டும் அப்படியே. கழுவுகிற வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவன் கால் தரையில் ஊன்றியிருந்தது, பயமில்லை. இரவு நனைவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். ஐந்து வயது வரை அது வழமை.

மூன்றே கால் வயதில் அவனே கக்கூசுக் கதவைத் திறந்து, "அம்மா, வாளியில தண்ணி இருக்கா?" என்றான்.