ஏற்காடு இறங்கும் காருக்குப் பின் பிரேக் பேட்: கம்பெனியா, செராமிக்கா, செமி மெட்டாலிக்கா?

சேலம் அஸ்தம்பட்டி நெரிசலில் மட்டும் ஓடும் காருக்குப் பின்னால் எந்த நல்ல பேட் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1200 மீட்டர் இறக்கம். குப்பனூர் வழியாக இறங்கினாலும் பிரேக்குக்கு ஓய்வு கிடையாது.

ஸ்பேர் கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் செராமிக். சத்தம் குறைவு, பேட் உராயும் டிஸ்க்கின் தேய்மானம் குறைவு, வீலில் கறுப்புத் தூசி அதிகம் படியாது, விலைதான் அதிகம். ஆனால் தூசி பெரும்பாலும் கொட்டுவது முன் சக்கரத்தில். பின்னால் மட்டும் செராமிக் போட்டால் அந்தக் காசுக்குப் பலன் பாதிகூட இல்லை.

செமி மெட்டாலிக்கில் இரும்புத்தூள், கம்பி எல்லாம் கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும். அதனால் 'மலைக்கு இதுதான்' என்பார்கள். முன் சக்கரத்துக்கு அது சரி. பின்னால் மட்டும் கடிப்பு அதிகமான பேட் போட்டால், மழையில் முன் சக்கரத்துக்கு முந்திப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வீசப் பார்க்கும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும்தான், அதற்காக வேண்டாத வேலை எதற்கு? காலைப் பனியில் கீச்சென்ற சத்தம் வேறு.

கம்பெனி பேட் இந்த இரண்டையும்விடச் சாதுவானது. முன் பிரேக்கோடு பொருந்தும்படி பார்த்துத்தான் கார் கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்திருக்கும். பின்னால் நான் போடச் சொல்வது இதைத்தான். விலை உறுத்தினால், கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுப்பவர்களின் பேட் வெளியிலும் கிடைக்கும். டிவிஎஸ் கிர்லிங் அப்படி ஒன்று. பிரேக்ஸ் இந்தியாவின் தயாரிப்பு.

மிச்சமாகும் காசை பிரேக் ஆயிலில் போடலாம். புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். தொடர்ந்து மிதித்து இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது பெரும்பாலும் ஆயில் இப்படிக் கொதித்துவிடுவதால். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

அடுத்து, எங்கே மாட்டுவது? கம்பெனி சர்வீஸில் கூலி அதிகம். வெளிப் பட்டறையே போதும், ஆனால் ஒன்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்: "பின் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளுவீர்கள்?" புது பேட் தடிமனாக இருப்பதால், அதை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்ட முடியும். கேபிள் ஹேண்ட் பிரேக் உள்ள பல கார்களில் பின் பிஸ்டனை அழுத்திக்கொண்டே திருகித்தான் உள்ளே விட வேண்டும். முன் பிஸ்டன் மாதிரி கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டர் போய், பிஸ்டன் இருக்கும் காலிப்பரையே மாற்ற நேரிடும். சுவிட்ச் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதை பேட் மாற்றுவதற்கான சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். பல வண்டிகளுக்கு, காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை. அது இல்லாத பட்டறை என்றால் யோசிக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

பேடின் உராயும் பகுதி தேய்ந்து 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்தாலே மாற்றலாம். வெளிப்பக்க பேடை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், உள்பக்கம் முந்தித் தேய்ந்திருக்கலாம். இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாட்டியதும் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். அன்றைக்கே மலை ஏற வேண்டாம். ஓமலூர் ரோட்டில் பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாக பிரேக் பிடித்து விடுங்கள். இடையில் ஆற விட்டுச் சில முறை இப்படிச் செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும்.