150 ரூபாய் டெஸ்ட் லேம்பும் 2004 மாடல் மாருதி 800ம்

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், பிரேக் லைட் ரெண்டும் எரியல, வந்து சொருகியிருப்பேன்" என்றபோதுதான் விஷயமே தெரிந்தது. வலது பக்கம் எரியாதது ஒரு மாதமாகவே தெரியும். பல்புதானே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்று நாலு ஞாயிறு ஓடிவிட்டது. வண்டி 2004 மாடல் என்பதால் ஆர்.சி.யை இரண்டாம் முறை புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நேரம் வேறு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பானெட்டைக்கூடத் திறக்காமல் "வயரிங் கிட் மொத்தமா மாத்தணும், 6,500 ஆகும்" என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. இரண்டு பல்பையும் கழற்றி, ஹோல்டரில் மீட்டரை வைத்து, பையனை பெடலை மிதிக்கச் சொன்னால் 12.4 வோல்ட் காட்டுகிறது. பல்பும் புதுசு. ஆனாலும் எரியாது. இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

அப்புறம்தான் சென்னையில் வண்டி உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு பக்கம் போனபோது இந்த டெஸ்ட் லேம்பை வாங்கினேன். பார்க்க ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கைப்பிடிக்குள்ளே ஒரு குட்டி பல்பு, முனையில் ஊசி, பின்னால் ஒரு வயர், வயர் நுனியில் முதலை கிளிப், அவ்வளவுதான். மீட்டரை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் மீட்டர் வயரிலிருந்து கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் ஒரே ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். இதற்குள் இருக்கும் பல்புக்கோ எரிய கரண்ட் வேண்டும். பழுதான இணைப்பில் வைத்தால் மங்கும், இல்லை எரியவே எரியாது.

தேடலை எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் போனால் இரண்டுக்கும் பொதுவான பியூஸும் பெடல் சுவிட்சும். என் வண்டியில் இரண்டு பழுதும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தன.

கிளிப்பை பாடியில் சுரண்டிய இடத்தில் கவ்வ விட்டு, பியூஸின் இரண்டு பக்கமும் தொட்டேன், பளிச். பல்புகளைத் திரும்பப் போட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து பிரேக் சுவிட்சுக்கு வந்தேன். உள்ளே வரும் வயரில் பளிச். வெளியே போகும் வயரில், பெடலை அழுத்தினால், அணையப் போகிற பீடி மாதிரி ஒரு சிவப்பு. சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. பல்பு இல்லாதபோது 12.4 காட்டிய அதே லைன்தான், பின்னால் ஆளுக்கு 21 வாட் கேட்டதும் கையை விரித்துவிட்டது. பையன் அதற்குள் "அப்பா, கால் வலிக்குது" என்று ஓடிவிட்டதால், சீட்டை முன்னால் தள்ளி பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே துடைப்பக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். பையனைவிட நம்பகமானது.

சுவிட்ச் 120 ரூபாய். மாட்டியதும் லைட் அணையவே மாட்டேன் என்றது. பெடல் மேலே வந்து சுவிட்சின் முனையில் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் லைட் அணையும், அதனால் நட்டைத் தளர்த்தி சுவிட்சைக் கொஞ்சம் பெடல் பக்கமாகத் திருக வேண்டும். கவனிக்காமல் விட்டிருந்தால் காலையில் பேட்டரி காலி.

இடது பக்கம் வந்துவிட்டது, வலது அப்படியே. இந்தப் பக்கம் ஒரு குறும்பு ரொம்ப நாளாகவே இருந்தது: பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் லேசாக மினுக்கும். எர்த் சரியில்லை என்றால் கரண்ட் இப்படித்தான் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தப் பக்கத்து பல்புகளைக் கழற்றிவிட்டு, கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் போட்டு ஹோல்டரின் எர்த்தைத் தொட்டேன், டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. டிக்கிக்குள் எர்த் வயரின் வளையம் பச்சை பூத்து, போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கி, பல்புகளைப் போட்டதும் எரிந்தது. டெஸ்ட் லேம்பும் சுவிட்சும் சேர்த்து 270 ரூபாய், உப்புத்தாள் வீட்டிலேயே இருந்தது.

இப்போது குறைகள். வயர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு எட்டவே எட்டாது, நான் நாலு மீட்டர் வயர் தனியாக வாங்கி ஒட்டுப் போட்டேன். கிளிப்பின் ஸ்பிரிங் சொத்தை, இரண்டு தடவை நழுவி, நல்ல லைனையே பழுது என்று நினைக்க வைத்தது. வெயிலில் பல்பு எரிகிறதா என்றே தெரியாது, கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கலாம் என்று பாக்கெட்டில் படம் போட்டிருக்கிறது, அதைச் செய்யாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி இன்னொரு பச்சை பூக்கும். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வயர்களில் இதைக் கொண்டுபோய் வைக்கவே கூடாது, அங்கே மீட்டர்தான்; ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த மஞ்சள் கனெக்டர்களில் இதையும் வைக்காதீர்கள், மீட்டரையும் வைக்காதீர்கள்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். கடையிலேயே கிளிப்பை நாலு தடவை அழுத்திப் பார்த்து, ஸ்பிரிங் நன்றாக இருப்பதைப் பொறுக்கி எடுங்கள்.