தேதி கடந்த கிரெடிட் கார்டு ரீஃபண்ட் செக்: ரீவேலிடேஷனா, நெஃப்டா, புதுச் செக்கா?

பீரோவைக் கிளறும்போது பாலிசிப் பத்திரங்களுக்கு நடுவே ஒரு ஜன்னல் கவர் கிடைக்கிறது. உள்ளே கிரெடிட் கார்டு கம்பெனி அனுப்பிய செக், தொகை ரூ. 6,840, தேதி போன வருஷத்தது. கார்டை மூடியபோது கணக்கில் மிச்சம் நின்ற பணமாக இருக்கும், அல்லது கேன்சல் செய்த விமான டிக்கெட்டின் பணமாக இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ ஒரு வங்கிக் கிளைக்கு எடுத்துப் போனால், கவுண்டரில் முதலில் பார்ப்பது வலது மேல் மூலையில் எட்டுக் கட்டங்களில் இருக்கும் தேதியைத்தான். 2012 ஏப்ரல் 1 முதல் செக், டிடி, பே ஆர்டர் எல்லாவற்றுக்கும் ஆயுள் 3 மாதம். முன்பு 6 மாதம் இருந்தது. அந்தப் பழைய கணக்கிலேயே இன்னும் பலர் செக்கை மடித்து வைத்திருக்கிறார்கள்.

காலாவதியானது தாள் மட்டும்தான், கம்பெனி தர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 84-வது பிரிவுப்படி, செக்கைத் தாமதமாகக் கொண்டுவந்ததால் செக் கொடுத்தவருக்கு உண்மையிலேயே நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்குத்தான் அவர் பொறுப்பு குறையும். உதாரணமாக, இடையில் அந்த வங்கியே மூழ்கியிருக்க வேண்டும். ஆகவே "செக் காலாவதி, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று போனில் ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம்.

போட்டுத்தான் பார்ப்போமே

3 மாதம் முடிய நாள் இருந்தால், செக்கை அப்படியே உங்கள் கணக்கில் போடுவதைவிட நல்ல வழி இல்லை. கடைசி வாரமாக இருந்தால் மட்டும் டிராப் பாக்ஸில் போடாதீர்கள். பெட்டியை எப்போது திறப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. சலானோடு கவுண்டரில் கொடுத்து, அடிச்சீட்டில் சீல் வாங்குங்கள். டிராப் பாக்ஸ் இருக்கிறது என்று சொல்லிக் கவுண்டர் ரசீதை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

தேதி தாண்டிவிட்டால் இந்த வழி வீண். கவனக்குறைவாக வாங்கிக்கொண்டாலும் கிளியரிங்கில் 'அவுட்டேட்டட்' என்று திரும்பி வரும். ரிட்டர்ன் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படலாம்.

ரீவேலிடேஷன்

செக்கைக் கம்பெனிக்கே அனுப்பி, புதுத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெறும் பழைய முறை இது. செக்குக்குப் பதில் அதன் ஸ்கேன் படத்தை அனுப்பும் சிடிஎஸ் கிளியரிங் வந்த பிறகு செக்கில் பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தக் கூடாது, திருத்தம் வேண்டுமென்றால் வேறு செக்தான். தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, விதி இதைத் தடுக்கவில்லை. நடைமுறைதான் தடுக்கிறது. ரீஃபண்ட் செக்குகளில் பெரும்பாலும் அச்சடித்த கையெழுத்துதான் இருக்கும். பேனா பிடித்துத் தேதிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரி எங்கோ மும்பையிலோ குருகிராமிலோ உட்கார்ந்திருப்பார். போட்டு வந்தாலும், இங்கே ஸ்கேன் ஆன படத்தைப் பார்த்து பணம் தரும் வங்கி சந்தேகப்பட்டால் திருப்பிவிடும். அசல் செக் தபாலில் போய் வர வேண்டும், வழியில் தொலைந்தால் உங்களிடம் ஆதாரமே இருக்காது. கம்பெனியே வற்புறுத்தினால் தவிர இதை நாங்கள் சொல்ல மாட்டோம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால், இரு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

செக்கை ரத்து செய்து நெஃப்டில் வாங்குவது

நெஃப்ட் என்பது உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராகப் பணத்தை அனுப்புவது. பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இதுதான், எனவே கொஞ்சம் விரிவாக.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிமுறைகளில் இரண்டு விஷயம் உங்களுக்குச் சாதகம். ஒன்று, கார்டு கணக்கில் உங்கள் பணம் மிச்சம் நின்றால், கேட்ட 3 வேலை நாளுக்குள் அதை வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும். இரண்டு, மூடிய கார்டில் மிச்சம் இருந்தால் அதுவும் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கணக்கு விவரம் இல்லையென்றால் உங்களிடம் கேட்டு வாங்குவது அவர்கள் பொறுப்பு.

சிக்கல் எங்கே வரும்? கஸ்டமர் கேரில் இருப்பவர் திரையைப் பார்த்து, "உங்க கார்டுல பேலன்ஸ் ஜீரோ சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. செக் அச்சான அன்றே உங்கள் கார்டு கணக்கில் பற்று வைத்து முடித்திருப்பார்கள். அந்தப் பணம் இப்போது 'கொடுத்தும் பணமாகாத செக்குகள்' என்ற வேறு பேரேட்டில் கிடக்கிறது. அதனால் "ரீஃபண்ட் வரவில்லை" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த நம்பர் செக் பெய்டா, அவுட்ஸ்டாண்டிங்கா?" அவுட்ஸ்டாண்டிங் என்ற பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செக்கை ரத்து செய்து, தொகையைக் கார்டு கணக்கில் மறுவரவு வைத்து, அங்கிருந்து நெஃப்ட் போடச் சொல்ல வேண்டும். அந்த 3 நாள் கணக்கை மறுவரவுக்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்கள், அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

பெய்டு என்று பதில் வந்தால் கதை வேறு. கையில் இருக்கும் அசல் செக்கின் படத்தை அனுப்பி, பணமான செக்கின் ஸ்கேன் படத்தைக் கேளுங்கள்.

மெயிலில் எழுத வேண்டியவை: கீழ்ப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் 6 இலக்கச் செக் எண், தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம், உங்கள் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. கூடவே செக்கின் போட்டோவும், பெயர் அச்சான கேன்சல்டு செக் ஒன்றும். பாஸ்புக் முதல் பக்கம் அனுப்புவதானால் அச்சிட்டதாக இருக்கட்டும், கையால் எழுதியதை ஏற்க மாட்டார்கள். கார்டின் முழு எண், சிவிவி, ஓடிபி எதுவும் இதற்குத் தேவையே இல்லை. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்பாமல், பழைய ஸ்டேட்மெண்டிலோ கார்டின் பின்புறமோ இருக்கும் எண்ணை மட்டும் கூப்பிடுங்கள். "ரீஃபண்ட் வர யுபிஐ பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930.

புதுச் செக் அல்லது டிடி

மெதுவான வழி. அக்கவுண்ட் பேயீ கோடு போட்டு வரும் புதுச் செக்குக்கும் உங்கள் பெயரில் கணக்கு வேண்டும். கணக்கு இருந்தால் நெஃப்ட் வாங்கிவிடலாமே. கார்டுக்காரர் இறந்துபோய், வாரிசு பெயருக்குப் பணம் வர வேண்டிய இடத்தில் இது பயன்படும். இறப்புச் சான்று, தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்று, இண்டெம்னிட்டி பாண்ட் (பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தரும் பத்திரம்) கேட்பார்கள். பாண்டுக்கு முத்திரைத்தாள் வாங்கும் முன், எந்த ஊர்த் தாள், எவ்வளவு மதிப்பு என்று மெயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், முத்திரைக் கட்டணம் ஒன்றாக இருக்காது.

ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறி மை கலைந்துபோன செக் என்றாலும் இதே பாதைதான். எண் தெரிகிற அளவுக்குக் காய வைத்துப் படம் எடுங்கள். செல்லோ டேப் ஒட்டி 'சரிசெய்ய' வேண்டாம்.

கார்டிலேயே கழித்துக்கொள்வது

அதே கம்பெனியில் இன்னும் கார்டு ஓடுகிறது, மாதாமாதம் பில் வருகிறது என்றால் இதுதான் சுலபம். ஆனால் கிரெடிட் கார்டில் நிற்கும் உங்கள் பணத்துக்கு வட்டி எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டி முடித்த செலவுக்கு ரீஃபண்ட் வந்து, அது லிமிட்டில் 1% அல்லது ரூ. 5,000, இதில் எது குறைவோ அதைத் தாண்டினால், உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. லிமிட் ரூ. 1,50,000 என்றால் வரம்பு ரூ. 1,500. எஸ்எம்எஸ் வரும்போது யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

பெயர்ப் பிரச்சினை

எந்த வழியில் போனாலும் நம் ஊர்க்காரர்கள் இடறுவது இனிஷியலில். பாஸ்புக்கில் 'எஸ். முருகன்', கார்டில் 'முருகன் சுப்ரமணியன்'. செக்கும் அப்படியே அச்சாகி வரும். இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட பான் கார்டு நகல் பெரும்பாலும் போதும், ஏனென்றால் அதில் அப்பா பெயர் தனி வரியில் இருக்கும். இதை முதல் மெயிலிலேயே சேர்த்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

கம்பெனியே கைமாறியிருந்தால் புது உரிமையாளரிடம் போங்கள். சிட்டிபேங்க் கார்டு வியாபாரம் 2023 மார்ச் 1 முதல் ஆக்சிஸ் வங்கியுடையது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரிலேயே டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது.

பதிலே வராவிட்டால்

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ் இணையதளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, உதவி எண் 14448. போனில் சொன்னது புகாராகாது, மெயிலும் புகார் எண்ணும் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலோ புதுச்சேரியிலோ வழக்குப் போடலாம், 2 வருடக் காலவரம்பு உண்டு. ஏழாயிரம் ரூபாய்க்கு வாய்தாவுக்கு அலைவது கட்டுபடியாகாது என்பதால் முதலில் ஓம்புட்ஸ்மேன்தான். கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை அவர் எடுக்கவும் மாட்டார்.

செக் 10 வருடத்துக்கு மேல் பழசா? வங்கி கொடுத்த பே ஆர்டராக இருந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் விழிப்புணர்வு நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் அதே வங்கியிடம்தான் கேட்க வேண்டும். வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். கார்டு கொடுத்தது வங்கியல்லாத நிதி நிறுவனம் என்றால் இந்த நிதி பொருந்தாது, அந்தக் கம்பெனியிடமே நில்லுங்கள்.

புதுச்சேரியில் சில வீடுகளில் பிரெஞ்சு வங்கிச் செக்கும் கிடக்கும். அதற்கு 3 மாதக் கணக்கு இல்லை, பிரான்சுக்குள் கொடுத்த செக்குக்கு ஒரு வருடமும் 8 நாளும் ஆயுள். அதை இங்கே பணமாக்க முயல்வதைவிட, அங்கே கணக்கு இருந்தால் அங்கேயே போடுவது மேல்.

நெஃப்ட் வந்து பாஸ்புக்கில் பதிவான பிறகு, பழைய செக்கின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, மெயில் பிரதியோடு ஒரு வருடம் வைத்திருங்கள். வேறு யாராவது மறுபடி எடுத்துப் போய் வங்கியில் போட்டுவிடக் கூடாது.