உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தொல்லியல்: ஐந்து வருட அனுபவம்

2020 ஜூலையில், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இதை ஆரம்பித்தேன். சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றின் முதல் பாடமே வரலாற்றுக்கு முந்தைய காலம்தான். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன, ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டுமே. ஒரு வாட்ஸ்அப் குழு, வாரம் ஒரு முறை கூகுள் மீட் என்று தொடங்கியது பள்ளி திறந்த பிறகும் நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இன்றும் நடக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கிறவர்கள், ஒரு அணிக்கு இருபது பேர். பெரும்பாலும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள், சிலர் தூத்துக்குடி, கிருஷ்ணகிரியிலிருந்து. இதைப் போல ஒன்றைத் தொடங்க நினைக்கிற ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், எது பலன் தந்தது, எதைக் கைவிட்டேன் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் படம் காட்டுவதுதான். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கைக்கோடரி, ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி, கீழடி மணிகள். பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். காலாண்டு சமயத்தில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். பொருளின் பெயர், ஊர், காலம் எல்லாம் சரியாக வந்தது. "இது அந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. ஒரு பிள்ளை "நீங்கள் சொன்னதால்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை இன்னும் மறக்கவில்லை.

தவறு என்னுடையது. ஒரு மணி எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. நானோ அந்த மணியை மண்ணிலிருந்து பிடுங்கி வெள்ளைப் பின்னணியில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த மண்ணை வகுப்புக்குள் திருப்பிக் கொண்டுவரும் வேலைதான்.

முதலில் கைகொடுத்தது பரண். "உங்கள் வீட்டுப் பரணில் மேலிருந்து கீழே என்னென்ன இருக்கிறது என்று படம் எடுத்து, வரைந்து, ஒவ்வொன்றும் எந்த வருடத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்" என்றேன். பரண் இல்லாதவர்களுக்குப் பழைய நோட்டுப் புத்தகக் கட்டு. அடியில் இருப்பது முதலில் வந்தது, மேலே இருப்பது பிறகு வந்தது. மண்ணடுக்கு என்பது அவ்வளவுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மைக்கை ஆன் செய்தான். "டீச்சர், எங்க வீட்டுல அடியிலதான் புது குக்கர் பெட்டி இருக்கு. அதுக்கு மேல தாத்தாவோட டிரங்குப் பெட்டி." ஏன் என்று அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னேன். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது எல்லாவற்றையும் இறக்கி, திரும்ப ஏற்றும்போது மாறிவிட்டதாம். அன்றைக்கு மண்ணடுக்குக் கலைவது பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் தோண்டிய குழி, எலி வளை, மரத்தின் வேர், உழவு என்று அவர்களே அடுக்கிக்கொண்டே போனார்கள். ஐந்து வருடமாக ஒவ்வொரு அணிக்கும் இதுதான் முதல் வீட்டுப்பாடம்.

அடுத்தது கோலம். அகழாய்வில் இடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு முகவரி கொடுத்துத்தான் தோண்டுவார்கள். அதைத் திரையில் கட்டம் போட்டு விளக்கினால் தூக்கம் வரும். புள்ளிக்கோலம் வைக்கிற கைகளுக்குக் கட்டம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். முற்றத்திலோ மாடியிலோ கோலமாவால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதைப் பத்துக்குப் பத்தாகப் பிரித்து, தம்பியோ தங்கையோ அதில் பொருட்களை எறிந்துவிட்டுப் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளும் எந்தக் கட்டத்தில் கிடந்தது என்று தாளில் பதிய வேண்டும். பதிந்த தாளை மட்டும் குழுவில் போட, வேறொரு ஊர்ப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் வீட்டில் அதே மாதிரி அடுக்கிக் காட்ட வேண்டும். பதிவு சரியாக இல்லையென்றால் அடுக்க முடியாது. பதிவேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அந்த ஒரு மாலையில் புரிந்துவிடும்.

முப்பரிமாண மாதிரிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்கள் தங்கள் பொருட்களை இலவசமாக வைத்திருக்கின்றன. ரொசெட்டா கல்லை விரலால் திருப்பிப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். இரண்டு வாரம் ஆர்வம் இருக்கும். ஆனால் ஒரு பெரிய குறை உண்டு, அதை நான் மூன்று வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு கோடை விடுமுறையில் பிள்ளைகளை நேரில் அழைத்துப் போனேன். பகடை இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு பெண் நின்றுவிட்டாள். "இவ்வளவு சின்னதா டீச்சர்?" என்றாள். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில், அவள் மனதில் அது கைமுட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. தாழி முன்னால் நின்ற பையனுக்கு நேர்மாறான அனுபவம். அதற்குள் ஒரு மனித உடலையே உட்கார வைக்கலாம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதிலிருந்து என் வகுப்பில் அளவுகோல் இல்லாத படம் கிடையாது. அளவுகோல் கையில் இல்லாதவர்கள் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

கூகுள் எர்த் மட்டும் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது கொடுக்கிறது. தன் ஊரை மேலிருந்து பார்க்கும்போது கண்மாய், அதன் கரை, பழைய வாய்க்கால் எல்லாம் தெரியும். பழைய வருடத்துப் படங்களுக்குப் போய்ப் பார்த்தால் எந்த மேடு எப்போது வீட்டுமனையானது என்பதும் தெரியும். அதோடு சேர்த்து ஒரு வேலை கொடுப்பேன்: ஊரில் நத்தமேடு, திடல், பழைய ஊர் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் பேசுவதைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். கீழடியில் அகழாய்வு நடந்த இடத்தின் பெயரே பள்ளிச்சந்தைத் திடல்தானே. தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த அந்தத் திடலில்தான் 2015 முதல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. பிறகு மாநிலத் துறை தொடர்ந்தது. இடப்பெயரில் ஒரு தகவல் ஒளிந்திருக்கலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அந்தக் குரல் பதிவுகள் நூற்றுக்கும் மேல் என்னிடம் இருக்கின்றன. எனக்கு இந்த வகுப்பில் கிடைத்த பெரிய செல்வம் அவைதான்.

நேர்வகுப்பால் முடியாததை இணையவழி செய்த இடங்களும் உண்டு. கருப்பு சிவப்புப் பானை எப்படி இரண்டு நிறமாகிறது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். நான் மானாமதுரையில் ஒரு சூளைக்குப் போய், அங்கிருந்தே கைப்பேசியில் வகுப்பை நடத்தினேன். அங்கே மண்பாண்டம் செய்கிற அண்ணன் ஒருவர் பானையைக் கவிழ்த்து வைத்துக் காட்டினார். "காத்து போற பக்கம் செவக்கும் டீச்சரம்மா. காத்து போகாத பக்கம் கறுத்துப் போகும்." கவிழ்த்த பானையின் உள்ளும் வாயோரமும் காற்றுப்படாமல் கறுக்க, வெளிப்புறம் சிவக்கிறது. இருபது பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றிப் போயிருந்தால் பாதிப் பேருக்குத்தான் சூளை தெரிந்திருக்கும். கைப்பேசியை அடுப்பின் வாய்க்கு அருகில் கொண்டுபோனபோது எல்லோருமே பார்த்தார்கள்.

இன்னொன்று கார்பன் 14, பழம்பொருளின் காலத்தைக் கணிக்க உதவும் ஒரு வகைக் கார்பன். உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் அதை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. இறந்த பிறகு புதிதாக வருவதில்லை, இருப்பது 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இதற்கு நான் பயன்படுத்துவது புளியங்கொட்டை. ஆளுக்கு 64 கொட்டை, ஒரு பக்கத்தில் மட்டும் நகப்பூச்சில் ஒரு புள்ளி. (தாயக்கட்டைக்குச் செய்வதுபோல ஒரு பக்கம் தேய்த்தால் சரிபாதி விழாது, அதனால் புள்ளிதான் நல்லது.) உருட்டிப் போட்டு, புள்ளி தெரிகிறவற்றை எடுத்துவிட்டு, மீதியை எண்ணி எல்லோருக்கும் பொதுவான அட்டவணையில் பதிய வேண்டும். ஒருவருக்கு 27 மிஞ்சும், இன்னொருவருக்கு 38. ஆனால் இருபது வீட்டிலும் உருண்ட 1,280 கொட்டைகளையும் கூட்டினால் 640-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்கில்லாதது, கூட்டிப் பார்த்தால் ஒழுங்காகிறது. மிஞ்சியதைத் திரும்பத் திரும்ப உருட்ட, பாதி பாதியாக இறங்கும் வளைகோடு திரையில் மெல்ல உருவாவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம்தான் கீழடிக்கு வருவேன். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்தில் சோதித்தபோது கி.மு. 580 என்று வந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. ஏறத்தாழ 2,600 வருடம் என்றால் எவ்வளவு கார்பன் 14 மிஞ்சியிருக்கும் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள்: நூற்றுக்கு 73 பங்கு. சரி, அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்குப் போட்டுப் பார்ப்போம் என்றால், 15 லட்சம் வருடத்தில் எதுவுமே மிஞ்சாது. ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேல் இந்த முறை பயன்படாது, அங்கே வேறு வழிகளில் காலம் கணித்தார்கள் என்பதை அவர்கள் அந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்கிறார்கள்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், தாழி பற்றிய வகுப்பு முடிந்த மறுநாள், ஒரு பையன் ஊருணிக்கரையில் மண்வெட்டியால் தோண்டி, உடைந்த தாழியின் விளிம்பைப் படமெடுத்து, இருப்பிடத்தோடு குழுவில் போட்டுவிட்டான். ஆர்வத்தில் செய்ததுதான், அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தாழி எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பது அந்த மண்வெட்டியோடு போய்விட்டது. புதையல் இருக்கும் என்று தாழிகளை உடைக்கிறவர்கள் கையில் அந்த இருப்பிடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பாடம்தான் பரணுக்கும் முன்னால் வருகிறது: தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது. மேற்பரப்பில் கிடப்பதை நாணயம் வைத்துப் படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு, எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடப் புதையல் சட்டமே சொல்கிறது என்பதையும் வாசித்துக் காட்டுவேன். இணையவழியில் தொல்லியல் சொல்லித் தருகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். நேர்வகுப்பில் நாம் பக்கத்திலேயே இருப்போம். இங்கே கைப்பேசியை வைத்ததும் பிள்ளை நேராகக் கண்மாய்க்குப் போகலாம்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்ற நிலை பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. அதனால் நேரலை முக்கால் மணி நேரம்தான், விளக்கமெல்லாம் ஐந்து நிமிடக் குரல் பதிவுகள். காசு கட்டி வாங்கிய ஒரு வகுப்புச் செயலி பாதி வருடத்தில் நின்றுபோய், பிள்ளைகள் வரைந்த படங்கள் எல்லாம் அதோடு போயின. இப்போது எல்லாமே தாளில், அதைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமிப்பு. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளை நிறுத்திவிட்டேன். பதிவுத்தாளைத்தான் மதிப்பிடுகிறேன்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வந்தபோது, சிவகளையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 என்ற செய்தி குழுவில் பறந்தது. அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கொண்டாட்ட மனநிலையில் இருந்தார்கள், நானும்தான். அப்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கரிக்குத்தானே காலம் பாத்தாங்க, இரும்புக்கு இல்லையே. ரெண்டும் ஒரே சமயத்துல உள்ள போச்சுன்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுப் பரண் மாதிரி கலைஞ்சிருந்தா?" அன்றைய திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அறிக்கையைத் திறந்தோம். கரித்துண்டு, பானை ஓடு என்று தனித்தனியாக, வெவ்வேறு முறைகளில், வெவ்வேறு ஆய்வகங்களில் சோதித்திருந்ததைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். எந்த மாதிரி எந்தத் தாழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அவள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தாள். ஏழேகாலுக்கு முடிய வேண்டிய வகுப்பு ஒன்பது மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் வெளியேறவில்லை.

திரை தராத ஒன்று மிச்சம் இருக்கிறது, தொடுகை. அதற்காக 2022 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தபாலில் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். மானாமதுரையில் சூளையில் வெடித்துப்போன சட்டிகளை வாங்கி உடைத்த ஓடுகள், கரிசல், செம்மண், வண்டல் என்று மூன்று சின்னப் பை மண், வட்டங்கள் வரைந்த ஒரு தாள். ஓட்டின் விளிம்பை அந்த வட்டங்களில் பொருத்தி, முழுச் சட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சட்டியின் ஓடுகளையும் வேண்டுமென்றே நான்கு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவேன். தன் ஓட்டோடு ஒட்டுகிற ஓடு யாரிடம் இருக்கிறது என்று அவர்கள்தான் தேட வேண்டும். போன அணியில் திருமங்கலத்து ஓடும் தூத்துக்குடி ஓடும் ஒரே சட்டி என்று கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆனது. இந்த முறை ஐந்து ஊர்களுக்குப் பிரித்திருக்கிறேன்.